சென்சார் குழாய் மக்கர் செய்தால் எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது

ஆபீஸ், ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், மால் என்று எங்கே போனாலும் இப்போது கை நீட்டினால் தண்ணீர் வரும் குழாய்தான். சென்னை மாதிரி கடலோர ஊரில் இவற்றை ஓட்டிக்கொண்டிருப்பது தனி வேலை. காற்றில் எப்போதும் ஈரம், போர் தண்ணீரில் உப்பு, தரை கழுவ ஆசிட், போதாததற்கு ஐப்பசி கார்த்திகையில் சுவரே வியர்க்கும். ரிப்பேர் என்று சொல்லப்படும் குழாய்களில் பெரும்பாலானவற்றில் சென்சார் நன்றாகவே இருக்கிறது. கெட்டிருப்பது அதைச் சுற்றியுள்ள சில்லறைச் சாமான்: செல், ஸ்பிரிங், சல்லடை, கண்ணில் படிந்த உப்பு. ஆனாலும் பல இடங்களில் முதலில் சென்சாரைத்தான் மாற்றுகிறார்கள், பணம் போன பிறகும் அதே கோளாறு அடுத்த மழைக்குத் திரும்ப வருகிறது. அதனால் எல்லாவற்றையும் செலவே இல்லாத காரணத்தில் ஆரம்பித்து, செலவு ஏறும் வரிசையில் எழுதியிருக்கிறேன். உங்கள் குழாய் என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

நான்கு பெரிய பென்சில் செல் போட்டு 6 வோல்ட்டில் ஓடும் வகையை வைத்துத்தான் எழுதுகிறேன், நம்மூரில் அதுதான் அதிகம். அடாப்டரில் ஓடும் குழாய் என்றால் செல் பற்றிய பகுதியை விட்டுவிட்டு மற்றதைப் பாருங்கள். அடாப்டர், பிளக் பாயின்ட், 230 வோல்ட் வரும் வயர் எதுவானாலும் எலக்ட்ரீஷியன் வேலை. ஈரத் தரையில் நின்றுகொண்டு அதைத் திறக்கவே கூடாது.

## கையில் இருக்க வேண்டியவை

ஒரு சாதாரண மல்டிமீட்டர், புது அல்கலைன் செல் நான்கு, பழைய டூத்பிரஷ், காது குடையும் பஞ்சுக்குச்சி, வினிகர் (இல்லையென்றால் எலுமிச்சம்பழம்), ஐசோபுரோபைல் ஆல்கஹால், சிலிக்கான் கிரீஸ், ஆலன் கீ, ஸ்பேனர், ரப்பர் கையுறை. நான்கு செல் போடும் காலி ஹோல்டர் ஒன்று, இரண்டு வயர் வெளியே வந்திருப்பது, எலக்ட்ரானிக்ஸ் கடையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். பாதி சந்தேகங்களை அது ஒன்றே தீர்த்துவிடும், எப்படி என்று கீழே சொல்கிறேன்.

தொடங்குவதற்கு முன் பேசினுக்கு அடியில் இருக்கும் ஆங்கிள் காக்கை (குழாய்க்கு வரும் தண்ணீரை நிறுத்தும் கைத்திருகு) மூடுங்கள், ஒவ்வொரு முறையும். இந்தக் குழாய்களில் இருக்கும் சொலினாய்டு வால்வுக்கு, அதாவது கரண்டில் திறந்து மூடும் வால்வுக்கு, திறக்க ஒரு நொடிக் கரண்ட், மூட இன்னொரு நொடிக் கரண்ட், அவ்வளவுதான் வேண்டும். நடுவில் கரண்டே எடுக்காது, செல் மாதக்கணக்கில் தாங்குவது அதனால்தான். ஆனால் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது செல்லை உருவினால் பல மாடல்களில் மூடுவதற்கான கரண்ட் கிடைக்காமல் வால்வு திறந்தபடியே நின்றுவிடும்.

## தண்ணீர் வரவில்லை, லைட்டும் எரியவில்லை

குழாயின் கறுப்புக் கண்ணுக்குள் ஒரு பொடி லைட் இருக்கும். பல மாடல்களில் கை நீட்டினால் அது ஒரு தடவை மின்னும். அதுவும் இல்லை என்றால் கரண்ட் சென்சாருக்குப் போகவில்லை என்று வைத்துக்கொண்டு பாருங்கள்.

செல் சரியாகப் போடப்பட்டிருக்கிறதா? சொன்னால் சாதாரணமாகத் தெரியும், ஆனால் இருட்டான பேசின் அடியில் தலையை விட்டுச் செல் மாற்றும்போது ஒன்று திரும்பிப் போவது சகஜம். நான்கையும் வெளியே எடுத்து, பெட்டிக்குள் இருக்கும் பிளஸ் மைனஸ் பார்த்து, திரும்பப் போடுங்கள். போட்ட பிறகு ஒவ்வொன்றையும் விரலால் உருட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, கொஞ்சம் இழுத்து நீட்டிவிட்டால் போதும்.

செல் தீர்ந்துவிட்டதா? நான்கு புது அல்கலைன் செல் சேர்ந்து 6 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும். 5-க்குப் பக்கத்தில் வந்துவிட்டால் மாற்றுங்கள். மொத்தமாக மட்டும் அளக்காமல் தனித்தனியாகவும் அளக்க வேண்டும். மூன்று செல் 1.4 காட்டி நான்காவது 0.9 காட்டினால் மொத்தம் 5.1 வந்துவிடும், பரவாயில்லை போலத் தோன்றும், ஆனால் வால்வு இழுக்கும் அந்த நொடியில் அந்த ஒரு செல் மொத்தத்தையும் கவிழ்த்துவிடும். இன்னொன்று, சும்மா வெளியே வைத்து அளக்கும்போது தளர்ந்த செல்கூட நல்ல எண் காட்டும். செல் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும், மீட்டர் முனையை வைத்துக்கொண்டு இன்னொருவரைக் கை நீட்டச் சொல்லுங்கள். அப்போது எண் தடாலென்று இறங்கினால் செல் போய்விட்டது, இல்லையென்றால் நடுவில் எங்கோ கறை பிடித்திருக்கிறது.

கறை பிடித்திருக்கிறதா? ஈரமான பாத்ரூமில் இதுதான் முதல் குற்றவாளி. பெட்டி மூடியைக் கழற்றியதும் செல்லைத் தொடாதீர்கள், மூடியின் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். கடுகளவு நீர்த்துளிகள் வரிசையாக ஒட்டியிருந்தால் ஈரம் வெளியே போக முடியாமல் உள்ளே மாட்டியிருக்கிறது. அடுத்தது மைனஸ் பக்கத்து ஸ்பிரிங். வெள்ளைப் பொடி முதலில் படிவது ஸ்பிரிங்கின் அடிச்சுற்றில், பிளாஸ்டிக்கோடு சேரும் இடத்தில். மேல் சுற்று பளபளவென்று இருக்கும், அதைப் பார்த்துவிட்டுச் சுத்தமாக இருக்கிறது என்று மூடிவிடுவார்கள். அடிச்சுற்று வரை பாருங்கள்.

அல்கலைன் செல் கசிந்தால் வருவது காரம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. காற்றுப் பட்டு வெள்ளைப் பொடியாகிவிடும். வெறும் கையால் தொடக் கூடாது, ஊதக் கூடாது, கண்ணில் பட்டால் புண்ணாகும். கையுறை போட்டுக்கொண்டு பஞ்சுக்குச்சியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடையுங்கள், லேசாக நுரைத்து அடங்கும். அப்புறம் தண்ணீர் தொட்ட குச்சி, கடைசியில் ஆல்கஹால் தொட்ட குச்சி. நன்றாகக் காய்ந்த பிறகுதான் செல். கடையில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண ஜிங்க் கார்பன் செல் கசிந்திருந்தால் கதை வேறு. அதில் வருவது புளிப்புப் பக்கம், அதாவது அமிலம், பிசுபிசுவென்று இருக்கும். அதற்கு வினிகர் கூடாது, சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் துடைக்க வேண்டும். எந்தச் செல் என்று உறையைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஸ்பிரிங் சுத்தமான பிறகும் உயிர் வரவில்லை என்றால் ஸ்பிரிங்கில் வயர் பற்றவைத்த இடத்தைப் பாருங்கள். அங்கே பச்சை கட்டியிருந்தால் செம்பு அரிக்க ஆரம்பித்துவிட்டது. சில சமயம் அந்தப் பச்சை வயர் உறைக்குள்ளேயே ஏறியிருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது, லேசாக இழுத்தால் வயர் கையோடு வந்துவிடும்.

இப்போது அந்தக் காலி ஹோல்டர். புது செல் போட்டு, சென்சாருக்குப் போகும் கனெக்டரில் பிளஸ் மைனஸ் பார்த்து நேரடியாகக் கொடுங்கள். லைட் மின்னினால் சென்சார் நன்றாக இருக்கிறது, பேட்டரிப் பெட்டியை மட்டும் மாற்றினால் போதும், சென்சார் விலையோடு ஒப்பிட்டால் அது மிகவும் குறைவு. இதற்கும் மின்னவில்லை என்றால் கனெக்டர் பின்களை ஆல்கஹாலில் துடைத்து ஒரு முறை பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால்தான் சென்சார் போர்டு போயிருக்கிறது. கம்பெனி டெக்னீஷியனைக் கூப்பிட வேண்டிய இடம் இதுதான். போர்டுக்குப் பெரும்பாலும் பிசின் ஊற்றி அடைத்திருப்பார்கள், நாம் திறந்து சரிசெய்ய அதில் ஒன்றும் இல்லை.

## லைட் மின்னுகிறது, தண்ணீர் வரவில்லை

குழாய் அருகே காதை வைத்துக் கை நீட்டுங்கள். டிக் என்று ஒரு சத்தம் கேட்கிறதா?

சத்தம் கேட்கிறது: வால்வு வேலை செய்கிறது, தண்ணீர்தான் வந்து சேரவில்லை. ஆங்கிள் காக் திறந்திருக்கிறதா, டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வால்வு இருக்கும் கன்ட்ரோல் பாக்ஸுக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கும் சல்லடையைக் கழற்றுங்கள். போர் தண்ணீர், லாரித் தண்ணீர் வரும் கட்டடங்களில் மணலும் துருவும் அங்கேதான் சேரும். டேங்க் கழுவிய மறுநாள் ஒரே தளத்தில் பல குழாய்கள் சேர்ந்தாற்போல நின்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், சல்லடைதான். டூத்பிரஷால் தேய்த்து, வெள்ளைப் பாறையாக உப்புக் கட்டியிருந்தால் வினிகரில் ஊறவைத்துத் திரும்பப் போடுங்கள். போடுவதற்கு முன் ஆங்கிள் காக்கை ஒரு நொடி திறந்து வாளியில் தண்ணீரைப் பீய்ச்சவிடுங்கள், பைப்பில் மிச்சம் இருக்கும் மண் போய்விடும். குழாய் நுனியில் இருக்கும் ஏரேட்டரையும் (தண்ணீர் வெளியே வரும் இடத்துச் சின்ன வலை) அப்படியே கழற்றிப் பாருங்கள். தண்ணீர் வருகிறது, ஆனால் நூல் மாதிரி வருகிறது என்றால் அடைப்பு பெரும்பாலும் அங்கேதான்.

சத்தம் கேட்கவில்லை: முதலில் புது செல். லைட் எரிய மிகக் கொஞ்சம் கரண்ட் போதும், வால்வை இழுக்க அதைவிடப் பல மடங்கு வேண்டும், அதனால் லைட் எரிகிறதே என்று செல்லை விட்டுவிடாதீர்கள். புது செல்லிலும் சத்தம் இல்லை என்றால் வால்வுக்குப் போகும் கனெக்டரைக் கழற்றி, ஹோல்டரின் இரண்டு வயரால் அந்த இரண்டு பின்னையும் ஒரு நொடி மட்டும் தொடுங்கள். டிக் வர வேண்டும். வயரை மாற்றிப் பிடித்துத் தொட்டால் மறுபடியும் டிக் வர வேண்டும். இரண்டு பக்கமும் வந்தால் வால்வு நல்லது, சென்சார் பக்கம் கோளாறு. ஒரு பக்கமும் வரவில்லை என்றால் வால்வைத் தனியாக வாங்கி மாற்றலாம், அளவும் வோல்ட்டும் பழையதோடு பொருந்த வேண்டும். பிளம்பருக்கு இது எளிய வேலை, வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோனால் தவறே வராது.

## தண்ணீர் நிற்கவே இல்லை, அல்லது சொட்டிக்கொண்டே இருக்கிறது

இதை மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். ஆங்கிள் காக்கை மூடி ஒரு சீட்டு ஒட்டிவிட்டாவது போங்கள். கோடையில் லாரிக்குக் காத்திருக்கும் ஊரில் இரவு முழுக்க ஒரு குழாய் ஓடுவதைப் பார்க்கவே மனசு கேட்காது.

முதலில் சென்சார் கண்ணைக் கறுப்புத் துணியால் முழுக்கப் பொத்திப் பாருங்கள். தண்ணீர் நின்றால், அல்லது செல்லை எடுத்து 30 விநாடி கழித்துப் போட்டதும் நின்றால், வால்வு நல்லது, சென்சார் எதையோ கை என்று நினைக்கிறது. அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

நிற்கவில்லை என்றால் செல்லை மாற்றுங்கள். திறக்கப் போதுமான தெம்பு இருந்து, மூடும்போது தெம்பு இல்லாமல் போவது தளர்ந்த செல்லின் அடையாளம்.

அதற்கும் நிற்கவில்லை என்றால் டயாஃப்ரம். வால்வுக்குள் இருக்கும் வட்டமான ரப்பர், அதில் ஊசி முனை அளவு ஒரு துளை இருக்கும். அந்தத் துளை வழியாகப் போகும் தண்ணீர்தான் ரப்பரை மேலிருந்து அழுத்தி வால்வை மூடுகிறது. ஒரு மணல்துகள் மாட்டினாலும் உப்பு அடைத்தாலும் ரப்பர் உட்காராது. ஆங்கிள் காக்கை மூடிவிட்டு, வால்வின் நான்கு திருகையும் கழற்றி, ரப்பரையும் அதற்குக் கீழே இருக்கும் உதட்டையும் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். துளையை ஊசியால் குத்திப் பெரிதாக்கிவிடாதீர்கள், வினிகரில் ஊறவைத்து ஊதினால் போதும். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று கழற்றும்போதே போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் கிழிந்திருந்தாலோ அலையலையாக நெளிந்திருந்தாலோ புதுசு. திரும்பப் பூட்டும்போது ஓ-ரிங்குக்கு (ரப்பர் வளையம்) சிலிக்கான் கிரீஸ் மட்டும். வாசலின், தேங்காய் எண்ணெய் வேண்டாம், சில ரப்பர்கள் எண்ணெய் பட்டால் ஊதிவிடும்.

மேல் மாடியில் மட்டும் இந்தக் கோளாறா? அப்படியானால் ரப்பரை எத்தனை முறை மாற்றினாலும் தீராது, பிரஷர்தான் பிரச்சினை. தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம். மொட்டைமாடி டேங்க் குழாய்க்கு 3 மீட்டர் மேலே இருந்தால் கிடைப்பது 0.3 பார்தான். பல குழாய்களுக்குக் குறைந்தது 0.5 பார் வேண்டும், டப்பாவிலோ கையேட்டிலோ போட்டிருக்கும். அழுத்தம் போதவில்லை என்றால் ரப்பர் முழுசாக உட்காராமல் சொட்டும். ஒன்று டேங்கை உயர்த்த வேண்டும், இல்லையென்றால் சின்ன பிரஷர் பம்பு வைக்க வேண்டும். இரண்டுமே பிளம்பரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுச் செய்ய வேண்டிய வேலை. மூன்றாவது வழி, அந்தத் தளத்துக்கு மட்டும் குறைந்த அழுத்தத்தில் ஓடும் மாடலை வாங்குவது. புதுக் கட்டடம் என்றால் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

## ஆளே இல்லாமல் தானாகத் திறந்து மூடுகிறது

சென்சார் கண்ணிலிருந்து அகச்சிவப்பு ஒளி போகிறது, எதிலாவது பட்டுத் திரும்பி வந்தால் கை இருக்கிறது என்று முடிவு செய்கிறது. எது பட்டுத் திரும்பினாலும் அதற்குக் கைதான்.

முதலில் கண்ணைத் துடையுங்கள். உப்புத் தண்ணீர் தெறித்துக் காய்ந்தால் மெல்லிய வெள்ளைப் படலம் உட்காரும். நேராகப் பார்த்தால் தெரியாது, போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். ஒளி வெளியே போகாமல் அங்கேயே பட்டுத் திரும்பிவிடும். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து மெல்லிய துணியில் நனைத்து ஒரு நிமிஷம் ஒற்றிவைத்துத் துடையுங்கள். பச்சை ஸ்க்ரப்பர், சபீனா தூள், ஆசிட் எதுவும் கண்ணில் படவே கூடாது. கீறல் விழுந்த கண் கடைசி வரை தொல்லை தரும், அதற்கு மருந்து கிடையாது, சென்சாரையே மாற்ற வேண்டும்.

துடைத்த பிறகும் தொடர்ந்தால் எந்த நேரத்தில் நடக்கிறது என்று கவனியுங்கள். சாயங்காலம் மட்டும் என்றால் மேற்குப் பக்க ஜன்னல். வெயிலிலும் அகச்சிவப்பு ஒளி இருக்கிறது. ஜன்னலில் ஒரு அட்டையை ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள், நின்றுவிட்டால் ஃபிலிம் ஒட்டியோ தட்டி போட்டோ முடித்துக்கொள்ளலாம். நாள் முழுக்க என்றால் எதிரே பளபளப்பாக என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஸ்டீல் பேசின், கண்ணாடி, நேர் எதிரே இன்னொரு சென்சார். பேசின் ஆழமில்லாமல் இருந்து கண் நேராக அதன் அடியைப் பார்த்தாலும் இப்படித்தான் ஆகும். பல மாடல்களில் எட்டும் தூரத்தைக் குறைக்க வழி இருக்கிறது, சிலவற்றில் திருகு, சிலவற்றில் தனி ரிமோட்.

அப்புறம் ரீசெட். செல்லை எடுத்து, 30 விநாடி கழித்துத் திரும்பப் போட்டு, லைட் மின்னி அடங்கும் வரை கையையும் துணியையும் வாளியையும் தள்ளி வையுங்கள். பல குழாய்கள் அந்தச் சில விநாடிகளில்தான் எதிரே இருக்கும் பேசினை அளந்து வைத்துக்கொள்கின்றன. அந்த நேரத்தில் உங்கள் தலை குறுக்கே இருந்தால் அளவே தப்பாகிவிடும்.

கண் உயிரோடு இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் போனின் செல்ஃபி கேமரா வழியாகப் பாருங்கள். பல போன்களில் அகச்சிவப்பு ஒளி மங்கலான ஊதாப் புள்ளியாகத் துடிப்பது தெரியும். பின்பக்கக் கேமராவில் பெரும்பாலும் தெரியாது. முதலில் டிவி ரிமோட்டை வைத்து உங்கள் போனில் தெரிகிறதா என்று சோதித்துவிட்டுக் குழாயிடம் வாருங்கள்.

கண்ணுக்குள்ளேயே, கண்ணாடிக்குப் பின்னால், ஆவி படிந்த மாதிரி இருந்தால் சீல் போய்விட்டது. வெயிலில் காயவைத்தால் ஓரிரு நாள் ஓடும், திரும்ப வரும். வாரன்டி இருந்தால் உடனே கம்பெனியைக் கூப்பிடுங்கள், நீங்களே பிரித்தால் வாரன்டி போய்விடும்.

## செல் போட்டுப் போட்டுக் கட்டுப்படியாகவில்லை

சென்ற முறை நன்றாக ஓடியது, இப்போது சீக்கிரம் தீர்கிறது என்றால் குழாய் தேவையில்லாமல் திறந்து மூடிக்கொண்டிருக்கலாம், மேலே சொன்ன கண் விஷயத்தை முதலில் முடியுங்கள். அடுத்து, என்ன செல் போடுகிறீர்கள்? சாதாரண செல்லின் கொள்ளளவு அல்கலைனைவிட மிகவும் குறைவு, சீக்கிரம் கசியவும் செய்யும். மிச்சம் பிடித்த பணத்தைப் பேட்டரிப் பெட்டிக்குக் கொடுக்க வேண்டிவரும். சார்ஜ் செய்யும் செல் போட்டால் ஒன்று 1.2 வோல்ட், நான்கு சேர்ந்து 4.8 தான், பல குழாய்கள் போட்ட அன்றே செல் தீர்ந்தது என்று மின்ன ஆரம்பிக்கும். பழையது இரண்டு புதியது இரண்டு என்று கலக்கவே வேண்டாம். தளர்ந்த செல்லின் வழியாக மற்றவை கரண்டைத் தள்ளும்போது அதன் பிளஸ் மைனஸ் தலைகீழாக மாறிக் கசியும். நான்கையும் ஒரே நாளில், ஒரே வகையில் மாற்றி, மாற்றிய தேதியை மார்க்கரில் மூடியிலேயே எழுதிவிடுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் சீக்கிரம் தீர்ந்தால் ஈரம்தான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் எல்லாரும் சிலிக்கான் ட்யூபை எடுக்கிறார்கள். மழைக்காலத்தில் சென்னைக் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். பகல் முழுக்க ஏசி ஓடிக் குளிர்ந்த பெட்டி, ராத்திரி ஏசி நின்றதும் அந்த ஈரக் காற்றைச் சந்திக்கிறது, உள்ளே வியர்க்கிறது. இந்த நிலையில் இடுக்கெல்லாம் சிலிக்கான் பூசி மூடினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர முடியாமல் ஸ்பிரிங்கைத் தின்னும். பூச வேண்டாம். மூடியின் ரப்பர் கேஸ்கட் நசுங்கியிருந்தால் அதை மாற்றுங்கள், லேசாகச் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே போட்டு ஒவ்வொரு செல் மாற்றத்துக்கும் புதிதாக்குங்கள். ஏசியில்லாத பாத்ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா என்றும் பாருங்கள், பல இடங்களில் அது தூசி அடைத்துச் சுற்றாமலே கிடக்கும்.

பெட்டி மாட்டியிருக்கும் இடமும் முக்கியம். வயர் மேலிருந்து நேராகப் பெட்டிக்குள் இறங்கினால் அதில் வழியும் தண்ணீரும் உள்ளேதான் போகும். வயரைப் பெட்டிக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு, கீழிருந்து மேலே ஏறி நுழையும்படி மாற்றிக் கட்டுங்கள், தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். தரையிலிருந்து ஒரு அடிக்குள் பெட்டி இருந்தால் மேலே ஏற்றுங்கள், தரை கழுவும் தண்ணீர் தெறிக்காத உயரம் வேண்டும்.

கடைசியாக ஆசிட். டைல்ஸ் கறை போக ஊற்றும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டின் புகை கண்ணுக்குத் தெரியாமல் பேசினுக்கு அடியில் தங்கி, ஸ்பிரிங், கனெக்டர் பின், குழாயின் குரோம் பூச்சு எல்லாவற்றையும் அரிக்கும். தண்ணீரே படாத பெட்டிக்குள் பச்சை பிடித்திருந்தால் இதைச் சந்தேகப்படுங்கள். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் ஒரே இடத்தில் கலந்தால் வருவது குளோரின் வாயு, மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. இது ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள் மேல் போட வேண்டிய பழி இல்லை. அவர்களுக்கு எது கொடுக்கப்படுகிறதோ அதை வைத்துத்தான் கழுவுகிறார்கள், அந்தப் புகையை முதலில் சுவாசிப்பதும் அவர்கள்தான். ஆசிட் வாங்குவதை நிறுத்திவிட்டு மிதமான கிளீனரைக் கையில் கொடுங்கள். கண்ணைத் துடைக்கத் தனியாக ஒரு மெல்லிய துணி கொடுத்து, எப்படித் துடைப்பது என்று ஒரு தடவை பக்கத்தில் நின்று காட்டுங்கள். பாதிப் புகார் அங்கேயே நின்றுவிடும்.

## சோப் டிஸ்பென்சர்: மோட்டார் சத்தம் வருகிறது, சோப் வரவில்லை

பெரும்பாலும் சோப் கெட்டியாக இருக்கிறது, அல்லது மூக்கில் காய்ந்து அடைத்திருக்கிறது. மூக்கை வெந்நீரில் நனைத்த துணியால் சுற்றி ஐந்து நிமிஷம் வைத்துவிட்டுப் பிழியுங்கள். டேங்கில் இருக்கும் சோப்பை வெளியே கொட்டிவிட்டு, வெறும் வெந்நீரை நிரப்பிப் பத்துப் பதினைந்து முறை ஓடவிடுவது இன்னும் நல்லது. நுரையாக வரும் மாடலில் கெட்டி ஹேண்ட்வாஷை அப்படியே ஊற்றக் கூடாது, தண்ணீர் கலந்த சோப்தான் அதற்கு.

மோட்டார் சத்தமே இல்லை என்றால் அடியைத் திருப்பிப் பாருங்கள். பல டிஸ்பென்சர்களில் செல் இருக்கும் அறை அடியில்தான், மேலிருந்து ஒழுகும் சோப் நேராக அங்கே போகும். வழவழவென்று ஏதாவது கையில் பட்டால் நல்ல தண்ணீர் தொட்ட துணியால் முழுக்கத் துடைத்து, ஆல்கஹால் பூசி, திறந்தபடியே ஒரு ராத்திரி காயவிடுங்கள். மறுபடியும் ஒழுகினால் உள்ளே பம்பின் ரப்பர் ட்யூப் விரிந்திருக்கிறது. மலிவான டிஸ்பென்சர் என்றால் அதற்கு ஆளைக் கூப்பிடும் கூலிக்குப் புதியதே வாங்கிவிடலாம்.

## யூரினல் விடாமல் ஃப்ளஷ் ஆகிறது, அல்லது ஆகவே இல்லை

விடாமல் ஓடினால் குழாய்க்குச் சொன்ன அதே வரிசை: கண், வெயில், எதிர்ச் சுவர் டைல்ஸ், டயாஃப்ரம். ஆகவே இல்லை என்றால் செல், சல்லடை. ஒன்று மட்டும் இங்கே வேறு. கறுப்பு பேன்ட் போட்டவர் நின்றால் மட்டும் ஃப்ளஷ் ஆகவில்லை என்ற புகார் வரும். கறுப்புத் துணி சில சமயம் ஒளியைத் திருப்பி அனுப்பாமல் விழுங்கிவிடும், அது கோளாறு இல்லை. கண்ணைத் துடைத்துப் புது செல் போட்டும் தீரவில்லை என்றால் எட்டும் தூரத்தைச் சற்று கூட்டுங்கள். சுவருக்குள் புதைத்த மாடலில் பிளேட்டைக் கழற்றியதும் உள்ளே ஈரம் சொட்டிக்கொண்டிருந்தால் அத்தோடு நிறுத்திவிட்டு பிளம்பரைக் கூப்பிடுங்கள். சுவருக்குள் இணைப்பு ஒழுகுகிறது, சென்சாரைத் தொட்டுப் பயனில்லை.

## ஆளைக் கூப்பிடும்போது

போனில் "சென்சார் வேலை செய்யவில்லை" என்று சொன்னால் வருகிறவர் சென்சாரைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வருவார். மாடல் எண்ணைச் சொல்லுங்கள், பெரும்பாலும் கன்ட்ரோல் பாக்ஸின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் இருக்கும். லைட் மின்னுகிறதா, டிக் கேட்கிறதா, ஹோல்டர் வைத்துப் பார்த்தபோது என்ன ஆனது, கை நீட்டும்போது மீட்டர் என்ன காட்டியது, எந்த மாடி, போர் தண்ணீரா மெட்ரோ தண்ணீரா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தை உங்களிடமே கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள், வாரன்டி கேட்கவும் அடுத்த முறை ஒப்பிடவும் உதவும். தீர்ந்த செல்களைக் குப்பைத்தொட்டியில் போடாமல் மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளுக்குள் இந்தச் சின்ன செல்களும் வருகின்றன.